தீபாவளி முதல் தைப்பூசம் வரை சாப்பாட்டுக் கணக்கு



பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? வயிறு உப்பி, அசை போடாமல், தலையைத் தொங்கவிட்டு நிற்கிற மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, "நேத்து பொங்கல் எவ்வளவு வெச்சீங்க?" என்பதுதான். வருஷம் பூராவும் நமக்காக உழைத்த ஜீவனாயிற்றே என்று ஆசையோடு ஒரு கூடைப் பொங்கலை முன்னால் வைத்துவிடுகிறோம். சோளத்தட்டும் புல்லும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று அத்தனை சோறு விழுந்தால், அது புளித்து, அமிலம் மிகுந்து, சில சமயம் மாட்டின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி வைத்தால் போதும், பாக்கிக்கு வழக்கமான தீவனமே போடவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி வருகிறார்கள். நம்மில் பலர் இதைக் கேட்டு நடக்கவும் தொடங்கிவிட்டோம்.

மாட்டுக்குப் பார்க்கிற இந்தக் கணக்கை நம் வயிற்றுக்கு நாம் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

நம் கொங்கு நாட்டில் பண்டிகையை 'நோம்பி' என்கிறோம். நோன்பு என்ற சொல்தான் நோம்பியாயிற்று. நோன்பு என்றால் பட்டினி கிடப்பது. நமக்கோ நோம்பி என்றால் வயிறு புடைக்கத் தின்பது! ஐப்பசியில் தீபாவளி நோம்பி, பிறகு கார்த்திகை தீபம், மார்கழி பூராவும் விடியக்காலம் கோவில்களில் சுடச்சுடப் பொங்கல், தை பிறந்தால் பெரும்பொங்கல், பட்டிப் பொங்கல், பூப்பறிக்கிற நோம்பி, அதன் பின்னாலேயே தைப்பூசம். இடையில் ஒரம்பரை வீட்டுச் சீர், கல்யாணம், காதுகுத்து. ஏறக்குறைய மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தில்தான், ஒன்பது மாதம் கட்டிக் காத்த சாப்பாட்டு ஒழுங்கு கெட்டுப்போகிறது.

என் தாய்மாமன் கதையைச் சொல்கிறேன். ஒரு வருஷம் ஆவணி மாதத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. மனிதர் பயந்துபோய், மாத்திரை தவறாமல், இனிப்பைத் தொடாமல், இரண்டு மாதம் பத்தியமாகவே இருந்தார். தீபாவளி வந்தது. கச்சாயமும் அதிரசமும் தட்டில் வந்தன. நான் தடுத்தபோது, "நோம்பி நாள்ல என்ன மாப்பிள்ளை பத்தியம்? தை முடியட்டும், பழையபடி ஆரம்பிச்சுக்கலாம்" என்றார். தை முடியட்டும் என்கிற அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கெடுத்தது. பலகாரம் தின்கிறோமே என்ற கூச்சத்தில் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை; மாத்திரையும் அரைகுறையாயிற்று. தைப்பூசத்துக்கு வழக்கம்போல வெறுங்காலோடு பழனிக்கு நடந்தார். பாதத்தில் கொப்புளம். சர்க்கரையால் கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலி தெரியவில்லை. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அத்தைதான் நாற்றம் வருகிறதே என்று பார்த்தார். இரண்டு விரலை எடுக்கவேண்டி வந்தது. காட்டில் சோளம் அறுப்புக்கு நின்றது. மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார்.

மாமா தின்றது என்னவோ நாம் எல்லோரும் தின்கிற பலகாரந்தான். ஒரு நாள் தின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நோம்பி ஒரு நாள். பலகாரப் போசி பதினைந்து நாள். சங்கடம் அந்தப் போசியில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். முன்னெல்லாம் தீபாவளிக்கு மூன்று கிலோ வெல்லம் போட்டுப் பலகாரம் சுடுவோம். பதினைந்து நாளில் தீரும். ஆளுக்குத் தினம் நாற்பது கிராம் வெல்லம் ஆயிற்று. குளிர் காலம் வேறு. பனியில் எழுந்ததும் ஒரு டீ, பால் கறந்ததும் ஒரு டீ, சந்தைக்குப் போனால் ஒன்று, ஒரம்பரை வந்தால் ஒன்று என்று ஆறு டம்ளர் ஆகிவிடும். டம்ளருக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு ஐந்து கிராம் என்று வைத்தாலும் அறுபது கிராம் சர்க்கரை. ஆகத் தினம் நூறு கிராம்! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, ஒரு ஆள் தினம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஐம்பது கிராமைத் தாண்டக் கூடாது. இருபத்தைந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. அப்படியானால் பலகாரத்தைத் தொடாத நாளிலும் நம்முடைய டீயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. இதை நானும் எழுதிப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். இப்போது எனக்கு இரண்டு டீ, அதுவும் அரைக் கரண்டிதான். முதல் பத்து நாள் சப்பென்று இருந்தது உண்மை. இப்போது கடை டீயை வாயில் வைக்க முடியவில்லை.

"எங்க அப்பாரு இதைவிட நாலு மடங்கு தின்னாரு, தொண்ணூறு வயசு இருந்தாருங்க" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அப்பாரு கவலை இறைத்தவர். விடியக்காலம் எருதைப் பூட்டினால் வெயில் ஏறும் வரை சாலோடு சாலாக முன்னும் பின்னும் நடந்தவர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து நம் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. பிறகு உழவுக்கு டிராக்டர், பாய்ச்சுவதற்குச் சொட்டுநீர், மோட்டார் போடுவதற்கும் இப்போது செல்போன். மழை மாதத்தில் அந்த வேலையும் இல்லை. அப்பாரு தின்றதையே நாமும் தின்கிறோம், அவர் நடந்த நடை மட்டும் நம்மிடம் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக அது சொல்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர். பட்டணத்துக்காரருக்குத்தான் இதெல்லாம் என்று சொல்லவும் வழியில்லை. தேசத்துக் கிராமங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் நூற்றுக்கு ஒன்பது பேர்.

அதற்காகப் பலகாரமே சுடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். சுடுவதைக் குறைத்துச் சுடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு கிலோ வெல்லம். நோம்பியன்று வயிறாரத் தின்கிறோம். அன்று பொழுதோடவே மிச்சத்தைப் பண்ணையத்து ஆட்களுக்கும் அக்கம் பக்கத்துக்கும் கொடுத்துப் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். ஒரம்பரை வீட்டிலிருந்து வருகிற பலகாரமும் அதே கதிதான். மறுநாள் காலை வழக்கமான சாப்பாடு. இந்த 'மறுநாள் காலை'யைத் தவறவிடாதீர்கள். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

வழக்கமான சாப்பாடு என்று எதைச் சொல்கிறேன்? நல்ல வேளையாக, பனிக் காலத்தில்தான் நம் காட்டில் காய்க்குப் பஞ்சமில்லை. மார்கழியில் அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. தட்டைப்பயறு, மொச்சை, அரசாணிக்காய், வேலியோரத்து முருங்கைக் கீரை, மழைக்கு முளைத்த பண்ணைக் கீரை எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஐதராபாத்திலுள்ள தேசிய சத்துணவு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு ஆளுக்குத் தினம் 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை, 250 கிராம் தானியம் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். நம் இலையைப் பாருங்கள்: சோறு மலையாட்டம், பொரியல் ஓரத்தில் ஒரு கொத்து. இதைத் தலைகீழாக்கவேண்டும். முதலில் அவரைப் பொரியலையும் கீரைக் கடைசலையும் நிறைய வைத்துத் தின்றுவிட்டு, பிறகு சோற்றுக்கு வந்தால், சோறு தானாகக் குறையும். விருந்து வீட்டிலும் இதே முறையைக் கையாளலாம். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

கொள்ளுப் பருப்பை நாம் குளிர் காலத்துக்கென்றே வைத்திருக்கிறோம். வேகவைத்த தண்ணீரில் ரசம், பயறைக் கடைந்து சோற்றுக்கு. கொள்ளில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு புரதச்சத்து. ஆனால் கொள்ளு தின்றால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். சீக்கிரம் வயிறு நிறையும், பசி தாங்கும், அவ்வளவே. கம்பும் ராகியும் அப்படித்தான். நூறு கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது, தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். ஆகவே தினம் ஒரு வேளை களியோ கம்மஞ்சோறோ நல்லது. ஆனாலும் களியிலும் மாவுச்சத்து இருக்கிறது. "ராகிதானுங்களே" என்று மூன்று உருண்டை போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது. பஞ்சம் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும், நான் குறை சொல்லமாட்டேன். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-ல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நமக்கு ராகி ரேஷன் கடையில் வந்தாலும் வராவிட்டாலும், காட்டில் ஒரு மூலை விதைத்துக்கொள்ளத் தடையில்லையே.

நாட்டுச் சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு. கரும்பு விளைவிக்கிற நமக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் "வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதி, நாட்டுச் சர்க்கரை ஒண்ணும் பண்ணாது" என்பது தவறான பேச்சு. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் சர்க்கரைதான். கொஞ்சம் இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கருப்பட்டியும் அதே ஜாதிதான். விற்கிற நமக்கே இது தெரிந்திருக்கவேண்டும்.

கட்டுப்பாடு நமக்கு வராது என்றும் சொல்ல முடியாது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர் நாற்பத்தோரு நாள் கறி, மது தொடாமல், பச்சைத் தண்ணீரில் குளித்து, எத்தனை ஒழுங்காக இருக்கிறார்! மாலையைக் கழற்றிய அன்றே பிரியாணிக் கடையில் நிற்கிறார். நாற்பத்தோரு நாள் பழகிய வயிறு அது. கறி தின்னுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மற்றப் பழக்கத்தில் பாதியையாவது மிச்சம் வைத்துக்கொள்ளலாமே.

பழனிக்கு நடப்பவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயம். கோவையிலிருந்து நூறு கிலோ மீட்டருக்கு மேல் நடை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், விரதம் என்று வெறும் வயிற்றோடு நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கவேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட்டு உட்காரவேண்டும். சர்க்கரைப் பொட்டலம் ஒன்று மடியில் இருக்கட்டும். வழியில் ஐந்து மைலுக்கு ஒரு பந்தலில் அன்னதானம் போடுவார்கள். எல்லாப் பந்தலிலும் கை நனைக்கவேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லை. கால் மரத்துப் போகிறவர்கள் வெறுங்காலோடு போகவே கூடாது. பொழுதோட பாதத்தைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் அடிப்பாகத்தை அடுத்தவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் வேண்டாமென்றால் பஸ் ஏறிப் போய்க் கும்பிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். என் மாமா இப்போது அப்படித்தான் போய் வருகிறார்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க ஏற்பாடாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு தரம், தீபாவளி முடிந்து பத்து நாளில் ஒரு தரம், பொங்கல் கழிந்து ஒரு தரம் பாருங்கள். பலகாரம் தின்றுவிட்டோமே என்று கூச்சப்பட்டு ஒளிய வேண்டாம். தின்றதைத் தின்றோம் என்று சொல்லுங்கள். சீட்டுகளை ஒரு பையில் போட்டு, மாட்டின் தடுப்பூசிச் சீட்டு இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.