நீரில் கரையும் சாரம்

பத்துமலை அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்கும் முருகன் சிலை 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வளவு உயரமான சிலையைச் சாரம் கட்டாமல் எழுப்ப இயலாது. வேலை முடிந்ததும் சாரம் அவிழ்க்கப்படும். முப்பரிமாண அச்சுப்பொறிக்கும் இப்படிப்பட்ட சாரம் தேவைப்படுகிறது. அதை அவிழ்ப்பதுதான் சிக்கல்.

இவ்வகைப் பொறிகளுள் பரவலாகப் பயன்படுவது பிளாஸ்டிக் இழையை உருக்கி, நுண்ணிய முனை வழியாக அடுக்கடுக்காக இடுகிறது. ஓர் அடுக்கின் தடிப்பு பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் உயரப் பொம்மைக்கு 250 அடுக்குகள் வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்கின்மேல் அமர வேண்டும். பொம்மை கையை நீட்டியிருந்தால் என்ன ஆகும்? கைக்குக் கீழே வெறும் காற்றுதான் உள்ளது. உருகிய இழை தொய்ந்து கீழே விழுந்துவிடும். எனவே, கைக்கு அடியில் முதலில் ஒரு தாங்கியை அச்சிட்டு, அதன்மேல் கையை அச்சிடுகிறார்கள்.

தாங்கியும் அதே பிளாஸ்டிக்காக இருந்தால், பிறகு அதைக் குறடு கொண்டு உடைத்து எடுக்க வேண்டும். மேற்பரப்பில் தழும்பு விழும். மெல்லிய விரல்கள் முறியும். உள்ளே வளைந்து செல்லும் குழாய் என்றால் குறடு நுழையவே நுழையாது.

இதற்குத் தீர்வாக அமைந்தது பாலிவினைல் ஆல்கஹால். இதனை 1924இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்லி ஹெர்மன், வுல்ஃப்ராம் ஹேனல் ஆகிய வேதியியலாளர்கள் உருவாக்கினர். துணி துவைக்கப் பயன்படும் சலவைத்திரவ உறைகளின் மெல்லிய படலமும் இதே பொருள்தான். இதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது. அச்சங்கிலி நெடுகிலும் நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகின்றன. பொம்மையின் உடலோ நீரில் கரையாத பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. இரு முனைகள் கொண்ட பொறி ஒன்றில் உடலையும் மற்றொன்றில் தாங்கியையும் அச்சிடும். பின்னர்ப் பொருளைச் சில மணிநேரம் நீரில் ஊறவைத்தால் தாங்கி மறைந்துவிடும். வெதுவெதுப்பான நீர் வேலையை விரைவுபடுத்தும். ஆயினும் கொதிநீர் கூடாது. ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் பொம்மையே இளகிவிடும். சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பதும் ஒரு வகையில் இதற்கு உறவான உத்தியே.

நீரால் தாங்கியை அகற்றும் முறை விளையாட்டுப் பொருள்களோடு நின்றுவிடவில்லை. கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் பேராசிரியர் விக்னேஸ் வரனும் குழுவினரும், மூளைக் கட்டியுடன் கூடிய தலை மாதிரிகளைப் பல பொருள்களால் அச்சிட்டு, 2014இல் ஆய்விதழில் வெளியிட்டனர். தோல், எலும்பு, கட்டி ஆகியவை கைக்கு வெவ்வேறு விதமாகத் தென்படும். பயிற்சி மருத்துவர் ஒருவர் முதன்முதலில் தவறு செய்ய நேர்ந்தால், அது நோயாளியின் தலையில் நேராமல் மாதிரியில் நேரட்டும் என்பதே இதன் பயன். இவ்வாறு பல பொருள்களை அச்சிடும் பொறிகள் இழைக்கு மாறாகத் திரவத் துளிகளைத் தெளித்துக் கெட்டியாக்குகின்றன. அவற்றின் தாங்கி கூழ் போன்றது. அதை நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம்.

நீரில் கரையும் இழைக்கு நம் நாட்டுக் காற்றே பகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். திறந்து வைத்த இழை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடான முனைக்குள் அந்த ஈரம் ஆவியாகி, படபடவென்று வெடித்துக் குமிழிகளை உண்டாக்கும். ஆகவே, காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களுடன் இழையை வைக்கிறார்கள். ஈரமேறிய இழையை மிதமான சூட்டில் சில மணிநேரம் உலர்த்தினால், பெரும்பாலும் மறுபடியும் பயன்படுத்தலாம்.