மணிக்கு 67 ரூபாய்!

'108 ஆம்புலன்சில் வேலை' என்றதும், 'அட, கவர்மென்ட் உத்தியோகமா!' என்று வாயைப் பிளக்கிறவர்கள்தான் அதிகம். என் பெரிய நாத்தனார் மகள் மூன்று வருஷமாக அதில் மருத்துவ உதவியாளர். அவள் சொல்லித்தான் எனக்கே பல விஷயம் புரிந்தது.

தமிழ்நாட்டில் 2008-ல் ஆரம்பித்த இந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பது அரசு. ஆள் எடுத்துச் சம்பளம் போடுவது தனியார் நிறுவனம். அதனால், அரசு ஊழியருக்கு உள்ள சம்பள விகிதமோ, பென்ஷனோ கிடையாது. நர்சிங் படித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல் மாதிரி பட்டம் வாங்கியவர்களையும் எடுத்துப் பயிற்சி தருகிறார்கள். 12 மணி நேர டூட்டி. பகலும் வரும், ராத்திரியும் வரும்.

ஆளெடுப்பு முகாம் அறிவிப்பில், 2022 வாக்கில் 15 ஆயிரத்துச் சொச்சம் சம்பளம் என்றார்கள். 2025-ல் 21 ஆயிரத்துச் சொச்சம். 'பரவாயில்லையே' என்று தோன்றும். மாதம் 26 நாள், நாளுக்கு 12 மணி என்று பால் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 67 ரூபாய்தான் வருகிறது! பி.எப்., பிடித்தம் போனால் இன்னும் குறையும். ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறவளுக்கு இவ்வளவுதான்.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், 'ராத்திரி டூட்டியை விட்டால் மேலே பேசலாம்' என்றார்கள். அவர்கள் போனதும், 'பிரசவ வலி ராத்திரியில வராதா அத்தை?' என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

பெண்ணை இந்த வேலைக்கு அனுப்ப நினைக்கும் தாய்மார்களே... சேவை என்ற பெருமை நிஜம்தான். ஆனாலும், சேருமுன் கைக்கு எவ்வளவு வரும், எந்த ஊரில் போடுவார்கள், வருஷத்துக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நர்சிங் படித்த பெண்ணுக்கு, அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியப் பரீட்சை எழுதி, அரசு ஆஸ்பத்திரி நர்சாகப் போக வழி உண்டு. எங்கள் பெண் மாதிரி விலங்கியல் படித்தவளுக்கு அந்தக் கதவு திறக்காது. பிளஸ் 2 முடித்ததும், 'எந்தப் படிப்பு?' என்று முடிவு செய்யும்போதே இதை யோசித்து விடுவது நல்லது.

எட்டு மணி நேர வேலை, பணி நிரந்தரம் என்று ஊழியர்கள் கேட்பதைச் செய்தியில் பார்த்தால், 'ஸ்ட்ரைக் பண்றாங்களே' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.