3,000 கி.மீ. நடக்கலாம், ஆற்றை மட்டும் கடக்கக் கூடாது: நர்மதா பரிக்ரமா என்றால் என்ன?

புண்ணிய நதி யாத்திரைன்னா நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: போவோம், முங்கிக் குளிப்போம், ஒரு சொம்புத் தண்ணீரோட ஊர் திரும்புவோம். நர்மதை விஷயத்தில் அதோடு முடிவதில்லை. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல, ஒரு முழு நதியையே வலம் வருகிறார்கள். அதற்குப் பெயர்தான் நர்மதா பரிக்ரமா.

ஏன் நர்மதை?

கங்கையில் குளித்தால் பாவம் போகும், நர்மதையைப் பார்த்தாலே போதும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நதியை சிவனின் மகளாகவே வணங்குகிறார்கள். நம்ம ஊர் வீட்டுப் பூஜைகளில் இருக்கும் பாணலிங்கமும் நர்மதையில் கிடைக்கும் வழுவழுப்பான கல்தான்.

எப்படிச் சுற்றுகிறார்கள்?

நர்மதையின் நீளம் 1,312 கி.மீ. மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் பிறந்து, விந்திய, சாத்பூரா மலைகளுக்கு நடுவே மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தின் பரூச் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. ரெண்டு கரையையும் கணக்குப் போட்டாலே 2,600 கி.மீ. தாண்டும். சுற்றுப்பாதைகளையும் சேர்த்தால் 3,000 கி.மீ.க்கு மேல்.

ரூல் ரொம்ப சிம்பிள்: நதி எப்பவும் வலது கைப் பக்கம் இருக்கணும். பலரும் ஓம்காரேஷ்வரில் தொடங்குகிறார்கள். தென்கரை வழியாக மேற்கே கடல் வரை நடை. முகத்துவாரத்தில் படகேறி அந்தப் பக்கம். பிறகு வடகரை வழியாகக் கிழக்கே அமர்கண்டக் வரை. அங்கே நதி பிறக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தென்கரையில் நடந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

நடுவில் எங்கேயும் நதியைக் கடக்கக் கூடாது, பாலம் இருந்தாலும் கூட. ஓம்காரேஷ்வர் ஜோதிர்லிங்கக் கோயில் ஆற்றுக்கு நடுவே தீவில் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குபவர்கள் தென்கரையில் உள்ள மாமலேஷ்வரரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். தீவுக் கோயிலுக்குப் போவது, முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான்.

எத்தனை நாள் ஆகும்?

மரபுக் கணக்கு: 3 வருடம், 3 மாதம், 13 நாள். மழைக்கால 4 மாதங்கள் நடக்காமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். இன்று பெரும்பாலானோர் மழை ஓய்ந்ததும் கிளம்பி, 4 முதல் 6 மாதங்களில் முடிக்கிறார்கள். வண்டியில் போனால் சுமார் 15 நாள்.

அவ்வளவு லீவுக்கு எங்கே போறது? அதுக்கும் வழி இருக்கு. குஜராத்தின் திலக்வாடா பகுதியில் நர்மதை சிறிது தூரம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அந்தப் பகுதியை மட்டும் சுற்றுவது உத்தரவாஹினி பரிக்ரமா. மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும் இதை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

சோறு போடுவது யார்?

கரையோர ஊர்கள். கையில் அதிகம் வைத்துக்கொள்ளாமல், கிடைத்ததைச் சாப்பிட்டு நடப்பதுதான் மரபு. ‘நர்மதே ஹர்’ என்று குரல் கொடுத்தால், சமைத்த சாப்பாடோ, அரிசி, பருப்பு, மாவோ கிடைக்கும். இப்படிக் கொடுப்பதற்கு சதாவிரதம் என்று பெயர். எத்தனை பேர் வந்திருக்கீங்கன்னு கேட்க மாட்டார்கள், ‘எத்தனை மூர்த்தி?’ என்றுதான் கேட்பார்கள். இப்படிக் கொடுப்பவர்களில் ஆசிரமங்களும் உண்டு, சின்ன விவசாயக் குடும்பங்களும் உண்டு.

அணைகள் வந்த பிறகு என்ன ஆனது?

இங்கேதான் சிக்கல். பர்கி, இந்திரா சாகர், ஓம்காரேஷ்வர், சர்தார் சரோவர் என்று நர்மதையில் வரிசையாக அணைகள். இந்திரா சாகருக்காக 2004-ல் ஹர்சூத் என்ற ஊரே காலி செய்யப்பட்டது. 138.68 மீட்டர் உயரமுள்ள சர்தார் சரோவர் 2019-ல் முதன்முறையாக முழுக் கொள்ளளவை எட்டியது. அதன் நீர்த்தேக்கம் 200 கி.மீ.க்கு மேல் பின்னோக்கி நீள்கிறது. சிகல்தா, நிசர்பூர் போன்ற கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. யாத்திரையின் முக்கியத் தலமான சூல்பாணேஷ்வர் கோயில் ஏற்கெனவே மூழ்கி, வேறு இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது.

பழைய ஒற்றையடிப் பாதைகளும் தண்ணிக்குள்ளதான். தென்கரையில் நடப்பவர்கள் இப்போது மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மலைகளில் ஏறி இறங்குகிறார்கள். மலைப்பாதை வேண்டாம், சாலையே போதும் என்பவர்கள் பிரகாஷா வரை விலகிப் போகிறார்கள். பிரகாஷா இருப்பது தபதி கரையில். அதாவது, நர்மதையைச் சுற்றக் கிளம்பியவர்கள் பாதி வழியில் இன்னொரு நதிக்கரையில் நிற்கிறார்கள்!

இதில் பாதிக்கப்பட்டது யார்?

யாத்திரிகருக்குப் பாதை மட்டும்தான் மாறியது. அவருக்குச் சோறு போட்ட குடும்பங்களுக்கு ஊரே மாறிவிட்டது. மேதா பட்கர் முன்னின்று நடத்திய நர்மதா பச்சாவோ ஆந்தோலன் 1980-களில் இருந்து கேட்டு வருவது இந்தக் குடும்பங்களின் நிலத்தையும் மறுவாழ்வையும் பற்றித்தான். இன்னொரு பக்கம், இதே அணைத் தண்ணீர்தான் கட்ச், சௌராஷ்டிரம் வரை குடிநீராகப் போகிறது. ரெண்டும் உண்மை.

ஆனால் பரிக்ரமாவைப் பொறுத்தவரை கணக்கு வேறு. வலப்பக்கம் தண்ணீர் இருந்தால் மட்டும் 3,000 கி.மீ. நடந்துவிட முடியாது. ‘நர்மதே ஹர்’ என்றதும் கதவைத் திறக்க, கரையில் ஒரு வீடும் இருக்கணும்.