அன்றாட மறதி: இயல்பானது எது, கவனிக்க வேண்டியது எது?

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தபின், பூட்டினோமா என்ற ஐயத்தில் திரும்பிச் செல்வது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடுவது. நன்கு அறிந்தவரின் பெயர் நாவின் நுனியில் நின்றுகொண்டு வெளிவர மறுப்பது. இவற்றைச் சொல்லி, "எனக்கு மறதி நோய் வந்துவிட்டதா?" என்று கேட்போர் புறநோயாளிகள் பிரிவுக்கு வராத நாள் குறைவு. பெரும்பாலோருக்கு இல்லை என்பதே விடை. தமது மறதியை நாள், இடம் உட்பட விவரித்துச் சொல்ல முடிந்தவரின் நினைவாற்றல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் கூற, உடன் வந்த மனைவியோ மகனோ கவலையோடு நோக்கும்போதுதான் மருத்துவர் கூடுதல் கவனம் கொள்கிறார்.

ஒரு செய்தி நினைவாக மாற, அது முதலில் மூளையில் பதிய வேண்டும். பின்னர் நிலைபெற வேண்டும். தேவைப்படும்போது மீண்டு வர வேண்டும். அன்றாட மறதியில் பெரும்பகுதி முதற்படியிலேயே நிகழ்கிறது. கைப்பேசியில் பேசிக்கொண்டே பூட்டிய பூட்டு மனத்தில் பதிவதே இல்லை. பதியாததை நினைவுகூர இயலாது. ஆகவே இங்கே குறைந்தது கவனமே, நினைவாற்றல் அன்று. பூட்டும்போது "பூட்டிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பயன் தரும். சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒரே இடத்தை நிலையாக ஒதுக்கிவிட்டால் அவற்றை நினைவில் வைக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இரண்டாம் படிக்கு உறக்கம் இன்றியமையாதது. பகலில் பதிந்தவற்றை மூளை உறுதிப்படுத்துவது பெரிதும் உறக்கத்தின்போதுதான். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து படிக்கும் மாணவர் இந்த வாய்ப்பைத் தாமே இழக்கிறார். படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட மேலானது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1885ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலேயே இதனைக் காட்டியுள்ளார்.

மறதியால் நேரடித் தீங்கு விளையக்கூடிய இடம் மாத்திரை. நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டதை மறந்து, மீண்டும் எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளில் ஐயம் எழுந்தால் இரண்டாம் முறை எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வேளை வரை பொறுத்திருங்கள். இயன்றால் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோய் போன்றவற்றுக்கான மருந்தாயின் மருத்துவரைக் கேட்டுச் செயல்படவும். ஏழு நாள்களுக்கும் தனித்தனி அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி நல்லது. அது இல்லாவிடில், காலை மாத்திரையை விழுங்கிய பின்னரே நாள்காட்டித் தாளைக் கிழிப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். தாள் கிழிந்திருந்தால் மாத்திரை உள்ளே சென்றுவிட்டது என்று பொருள்.

இனி, "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று குடும்பத்தார் விட்டுவிடும் மறதியைப் பார்ப்போம். இதில் சரிசெய்யத்தக்க காரணங்கள் பல மறைந்திருக்கின்றன. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றை எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் உண்ணாதோருக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கும் பி12 குறையும் வாய்ப்பு மிகுதி. வல்லாரைத் துவையல் உணவாக உண்ணத் தடையில்லை. ஆனால் அது பி12 குறைபாட்டை ஈடுசெய்யாது. மனச்சோர்வும் மறதியாகவே தோன்றும். தூக்க மாத்திரைகளும், உறக்கம் வரவழைக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் முதியோரின் நினைவை மங்கச் செய்யும். மதுவும் அவ்வாறே. காது மந்தமானவர் சொன்னதை மறப்பதில்லை. அது அவர் காதில் விழுந்திருக்காது. சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்து தலையில் அடிபட்ட முதியவருக்கு மூளையைச் சுற்றி மெல்லக் குருதி தேங்கி, அதனால் குழப்பம் ஏற்படுவதும் உண்டு. இதற்கு அறுவை சிகிச்சை பலனளிக்கும்.

ஓரிரு நாள்களுக்குள் திடீரெனத் தோன்றும் குழப்பம் முதுமையால் வருவதன்று. நோய்த்தொற்று, சோடியம் அல்லது சர்க்கரை குறைதல், பக்கவாதம் ஆகியன காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் 108 ஊர்தியை அழைக்கவும்.

மெல்ல வளரும் அறிகுறிகளும் உண்டு. ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் பலமுறை கேட்பது, பல்லாண்டு நடந்த தெருவில் வழி தவறுவது, நாள்தோறும் சமைத்த குழம்பின் செய்முறை குழம்புவது, சில்லறையைச் சரிபார்க்கத் திணறுவது முதலியவை. சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பு; சாவி எதற்கு என்பதே தெரியாமல் போவது இயல்பன்று.

நினைவாற்றலைக் காக்க விலையுயர்ந்த மாத்திரைகள் தேவையில்லை. வாரத்திற்கு 150 நிமிட வேகநடை, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், புகையிலையை விடுதல், நாலு பேரோடு பழகுதல் ஆகியன மூளைக்கும் நல்லவை.

ஐயமிருப்பின் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். தேவையெனில் அங்கிருந்து உயர் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். வரும்போது அவருடன் ஒரே வீட்டில் வசிப்பவர் ஒருவர் கட்டாயம் உடன்வர வேண்டும். மாற்றம் எப்போது தொடங்கியது என்பதைக் குறித்து வாருங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக்கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.