ஒளித்துக்கொள்ளாத உயரம்



பருத்தித்துறைப் பாடசாலை மைதானங்களில் மாலை வேளைகளில் வலைப்பந்தாட்டம் ஆடும் மாணவிகளைக் கண்டிருப்பீர்கள். அவர்களுள் ஏனையோரிலும் உயரமான ஒரு பிள்ளை முதுகைச் சற்றே வளைத்து, தோள்களைக் குறுக்கி நிற்பதையும் நீங்கள் கவனித்திருக்கக்கூடும். அவளைக் குனியும்படி எவரும் கட்டளையிடவில்லை. "பனைமரம்" என்றும் "கொக்கு" என்றும் நாம் விளையாட்டாகச் சொன்ன சொற்களே அவளைக் குனிய வைத்தன. "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று வீட்டுப் பெரியவர்கள் விட்ட பெருமூச்சும் அவள் செவியில் விழாமல் இராது.

இஸ்ரவேலின் முதல் அரசனாகத் தெரிந்துகொள்ளப்பட்ட சவுல், தன்னைத் தேடிய நாளிலே தளவாடங்களுக்கிடையில் ஒளித்துக்கொண்டான். அவனை அழைத்து வந்து நடுவே நிறுத்தியபோதோ, மக்களெல்லாரும் அவன் தோளுக்குக் கீழேயே இருந்தனர். எல்லாரிலும் நெடியவனும் ஒளிந்துகொள்ள விரும்பிய வேளை உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள்.

நமது குடாநாட்டிலேயே, புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையில் பிறந்த ஒரு மகளை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். அதாவது 6 அடி 10 அங்குலம். போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலத்திலே வளர்ந்த அவர், தம் உயரத்தின் பொருட்டுக் கேலிக்கு ஆளானவர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்ற அவர், அதே உயரத்தோடு இலங்கைத் தேசிய வலைப்பந்தாட்ட அணியில் இடம்பிடித்தார்.

2009ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அவ்வணியில் அவர் இருந்தார். பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகருக்குச் சென்று அங்குள்ள கழக அணிக்கும் ஆடினார். இடையில் சில காலம் தேசிய அணியில் இடம்பெறாதிருந்தவர், 2018இல் மீண்டும் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு சிங்கப்பூரிலே நடைபெற்ற இறுதிப் போட்டியில், போட்டியை நடத்திய நாட்டையே 69 - 50 என்ற கணக்கில் வென்று, 9 ஆண்டுகளின் பின்னர் இலங்கை ஆசியக் கிண்ணத்தை மீட்டது. 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிகளில் எல்லா நாட்டு வீராங்கனைகளிலும் அதிக கோல்களை எய்தவர் என்ற பெருமையையும் அவர் பெற்றார். 2022இல் இலங்கை மீண்டும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

"உயரம் இருந்தால் யாரும் எய்யலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வாட்டத்தை அறிந்தோர் அப்படிச் சொல்லார். கூடைப்பந்தாட்டத்தைப் போலவே வலைப்பந்தாட்டத்திலும் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயினும் வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றரே; பந்தை மோதித் திருப்பப் பின்பலகையும் கிடையாது. பந்தைப் பெற்றவர் அதனுடன் ஓடலாகாது. 3 செக்கன்களுக்குள் எய்ய வேண்டும், அல்லது வேறொருவருக்கு எறிய வேண்டும். கோல் எய்பவர் தமக்குரிய மூன்றிலொரு பங்கு மைதானத்தைத் தாண்டவும் கூடாது.

இதன் பொருள் யாது? உயரம் கொடையாகக் கிடைக்கலாம். குறி தவறாத கை பயிற்சியினால் மாத்திரமே கிடைக்கும். அன்றியும், மைதானத்தின் மறுகோடியிலிருந்து பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் தோழியர் இன்றேல், எத்துணை நெடியவரும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதே. மொழியால் வேறுபட்ட பெண்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பந்தை நம்பி ஒப்படைத்ததனாலேயே அந்தக் கிண்ணங்கள் இந்நாட்டுக்கு வந்தன.

வலைப்பந்தாட்டத்தின் தாயான கூடைப்பந்தாட்டத்தை 1891இல் உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத இளைஞருக்காக அவர் அதை அமைத்தார். இன்று அவ்வாட்டத்தை உயிராகப் போற்றும் பிலிப்பைன்ஸ் நாட்டிலே, செபு தீவில் பிறந்த ஜூன் மார் பஹார்டோ என்பவரும் 6 அடி 10 அங்குல உயரத்தவரே. தொழில்முறைக் கழகப் போட்டிகளில் தொடர்ந்து 6 பருவங்கள் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானவர் அவர். அத்தேசத்தில் அப்படியொரு உயரம் ஊரே கொண்டாடும் செல்வம். நம் முற்றத்தில் அது, அதுவும் பெண்பிள்ளைக்கு வாய்த்தால், கவலையாகிவிடுகிறது. அளவு ஒன்றே, பார்க்கும் கண்கள்தாம் வேறு.

அன்பானவர்களே, உயரம் தன்னளவில் ஒருவரை மேன்மையாக்காது. சவுலுக்குப் பின் அரசனைத் தேடிச் சென்ற சாமுவேலுக்கு, தோற்றத்தையும் வளர்த்தியையும் நோக்காதே என்ற அறிவுரை கிடைத்ததையும் நாம் மறக்கலாகாது. ஆனால் மேன்மைக்குக் காரணமாகாத ஒன்று, இகழ்ச்சிக்கு மாத்திரம் எங்ஙனம் காரணமாகும்?

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையோ ஒளித்துக்கொண்டிருக்கலாம். அது உயரமாக இருக்கலாம். திக்கும் பேச்சாகவோ, கருமை நிறமாகவோ, ஊனமுற்ற காலாகவோ இருக்கலாம். அப்பிள்ளை ஒளிந்திருக்கும் தளவாடங்களை அங்கே குவித்தது யார்? நமது நாவாக இருக்குமாயின், அவற்றை அகற்ற வேண்டிய கைகளும் நம்முடையவையே. இன்று மாலை அப்பிள்ளை வீடு திரும்பும்போது அந்தப் பழைய பட்டப்பெயரை விட்டுவிட்டு, அவளது சொந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.