ஆணியைத் தின்னும் காற்று

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகப் போகும்போது, மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள் கண்ணைப் பறிக்கும். நமக்கு அது அழகு, தச்சருக்கோ பகை! வேலை முடிந்ததும் உளிக்கு எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துருவேறிவிடும்.

உப்பு ஈரத்தை இழுக்குமல்லவா? காற்றில் வந்து படியும் உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பாணியை அரிக்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளே பருத்து, மரத்தையே பிளந்துவிடும். வஜ்ஜிரப் பசையும் ஈரத்தில் இளகிப் போகும்.

பின் கதவை எதனால் பிணைப்பது? மரத்தாலேயேதான்! ஒரு சட்டத்தில் துளை பொளிந்து, மற்றதன் முனையைக் கழுந்தாகச் செதுக்கிச் செருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடிப்பது பழைய முறை. இந்தக் கரையின் கட்டுமரமும் ஆணியில்லாமல் கயிற்றால் கட்டியதுதானே!

இதற்கு நாள் பிடிக்கும், கூலியும் கூடும். ஆனாலும், கடலோரத்தில் வீடு கட்டும் சகோதரிகள் மரத்தின் விலையோடு நின்றுவிடாமல், "மூட்டு எப்படி?" என்றும் கேட்க வேண்டும். தேக்கானாலும் மூட்டு விட்டால் வெறும் பலகைதான். கீல் பித்தளையானால் திருகாணியும் பித்தளையாகவே இருக்கட்டும். இரும்பைச் சேர்த்தால் அது இன்னும் சீக்கிரம் அரித்துப் போகும்.

ஊறுகாய் ஜாடியில் இரும்புக் கரண்டி போடுகிறோமா? கதவுக்கும் அதே நியாயந்தான்!