பில் இல்லாத எலுமிச்சைக் கன்று

எலுமிச்சைக் கன்று வாங்கப் போகிறவர்கள் உயரத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பேசுவார்கள். இலையைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. பல வருஷத் தலைவலி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் சொறி நோய். இலையின் இரு பக்கமும் தக்கை போலத் தடித்த பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். விரலால் தடவினால் சொரசொரக்கும். பாக்டீரியாவால் வருவது இது. மழைச் சாரலும் காற்றும் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். இளந்தளிரில் இலைத் துளைப்பான் புழு கோடு கிழித்துவிட்டால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான். பழத்தில் நோய் தோலோடு நிற்கும், சாறு கெடாது. அதை மண்டியில் சொல்லிப் பாருங்கள்! தோலைப் பார்த்துத்தான் அங்கே விலை. நோய்ப்பட்ட கிளைகளைக் கவாத்து செய்து எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளித்தால் கட்டுப்படும்.

அடிமரத்தில் பிசின் வடிந்தால், தூரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வடிகால் முக்கியம். பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டு போர்டோ பசை பூச வேண்டும்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர்.

மருந்தே இல்லாதது கிரீனிங். இலை மஞ்சளானால் சத்துக் குறைவு என்று உரத்தைக் கொட்டுவது நம் வழக்கம். நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி வெளிறினால் அது சரிதான். இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழமும் கோணலாகும். சைலா என்ற சின்னப் பூச்சி இதைப் பரப்புகிறது. வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையிலும் அது தங்கும். நோய் மரத்தில் எடுத்த ஒட்டு மொட்டு வழியாகவும் வரும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2005-ல் கிரீனிங் தென்பட்டது. புயல்களும் சேர்ந்துகொள்ள, இருபது ஆண்டுகளில் அங்கே ஆரஞ்சு விளைச்சல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

நோய்க் கன்றை விற்றவரை விட்டுவிட வேண்டியதில்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. பயிர் சந்தேகத்துக்கு 1800-180-1551.

என் பார்வையில், இந்த மாதிரி வழக்கு ஆதாரம் இல்லாமல்தான் தோற்கும். நோயைக் கண்டதும் மரத்தைப் பிடுங்கிப் போடாமல் படம் எடுங்கள். தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து, பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள். மருந்துக் கடையிலும் பில் கேளுங்கள். கன்றை வண்டியில் ஏற்றும் முன், ரகமும் தேதியும் எழுதிய பில் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.